அம்மாவுக்கு உள்ளங்கால் எரியுதுன்னா அது உடம்பு சூடு இல்ல தம்பி

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், அப்பதான் நடுவுல படிக்கிறவங்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 61 வயசு, சிங்கப்பூர் யீஷூன்ல உங்களோட இருக்காங்க, 12 வருஷமா சுகர், அதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுறாங்க, சுத்த சைவம். ரெண்டு மாசமா ராத்திரி ஆனா ரெண்டு உள்ளங்காலும் மிளகாய் அரைச்சுத் தடவுன மாதிரி எரியுது, தூக்கம் வராம எழுந்து போய் சமையலறை டைல்ஸ்ல காலை வச்சுகிட்டு உக்காந்திருக்காங்க. சித்தி போன்ல உடம்பு சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சுகர்னா அப்படித்தான்னு சொல்றாங்க, நீங்க மருந்துக்கடையில நரம்பு மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கீங்க. எதனால இப்படின்னு கேக்குறீங்க.

நான் டாக்டர் இல்ல. இங்க நர்சா இருந்து ரிட்டையர் ஆனவ, கடைசி பதினாலு வருஷம் சுகர்காரங்க காலைப் பாக்குறதுதான் வேலை, ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கால் பாத்திருப்பேன். அதுல தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன், மருந்து எழுதிக் குடுக்க வேண்டியது டாக்டர்தான்.

இன்னைக்கு ராத்திரி அம்மா எரியுதுன்னு சொல்லும்போது ஒண்ணு பண்ணுங்க, உங்க புறங்கையை அவங்க உள்ளங்கால்ல வச்சுப் பாருங்க. பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும், சில பேருக்கு ஜில்லுன்னு கூட இருக்கும். அவங்களுக்கு நெருப்பு, உங்க கைக்கு ஒண்ணுமே இல்ல. அங்கதான் சித்தி சொல்ற சூடு அடிபட்டுப் போகுது. சூடு கால்ல இல்ல, சூட்டைப் பத்தி சேதி சொல்ற நரம்புல கோளாறு. நம்ம தோல்ல இருக்குற மெல்லிசான நரம்பு நுனியில சூடு உணர்றதுக்கு ஒரு வாசல் மாதிரி இருக்கு, ஏறக்குறைய 43 டிகிரி சூடு பட்டா அது திறக்கும். மிளகாயில இருக்குற காரச்சத்து பட்டாலும் அதே வாசல்தான் திறக்கும், அதனாலதான் மிளகாய் கடிச்சா வாய் 'எரியுது'ங்கிறோம், வாய்ல நெருப்பா இருக்கு? அதே மாதிரி நரம்பே கெட்டுப் போனா வெளியில ஒண்ணும் படாமலே எரியுது எரியுதுன்னு மூளைக்கு பொய்ச்சேதி அனுப்பிகிட்டே இருக்கும். பகல்ல நாலு வேலை நடக்கும்போது மூளை அதைப் பெருசா எடுத்துக்காது, ராத்திரி எல்லாம் அடங்கி போர்வை நுனி கால்ல உரசுனா போதும், உயிர் போகும்.

அது ஏன் கால்லேர்ந்து ஆரம்பிக்குதுன்னா, உடம்புல நீளமான நரம்பு இடுப்புலேர்ந்து கால் விரல் வரைக்கும் போறதுதான், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கு சத்து போய்ச் சேரணும், எங்கயாவது தட்டுப்பாடு வந்தா கடைசி வீட்டுக்குத்தானே முதல்ல தண்ணி நிக்கும். அதனால விரல் நுனி, உள்ளங்கால், அப்புறம் கணுக்கால்னு காலுறை போட்ட மாதிரி மேல ஏறும். ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி. முழங்கால் கிட்ட வந்த பிறகுதான் பொதுவா கைவிரல் நுனியில ஆரம்பிக்கும்.

இதுல பயங்கரமான விஷயம் எரிச்சல் இல்ல, எரிச்சலோட சேர்ந்து வர்ற மரத்துப் போறது. எரியுதேன்னா உணர்ச்சி நல்லா இருக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, ஒரே கால்ல எரிச்சலும் இருக்கும், சூடு பட்டா தெரியாமலும் இருக்கும். என் மாமனாருக்கு இப்படித்தான். நான் டூட்டியில இருந்த நேரம், கால் எரியுதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு பிளாஸ்டிக் வாளியில சுடுதண்ணி ஊத்தி கல்லுப்பு போட்டு காலை முக்கிகிட்டு தமிழ்ச் செய்தி பாத்துகிட்டிருந்திருக்காரு. தண்ணி வெதுவெதுன்னுதான் இருந்துச்சுன்னாரு. நான் வீட்டுக்கு வந்து பாக்கும்போது ரெண்டு பாதத்துலயும் முட்டை முட்டையா கொப்புளம், அவரு வலிக்கவே இல்லம்மான்னு சிரிக்கிறாரு. அந்தப் புண்ணு ஆற அஞ்சு மாசம் ஆச்சு. சுகர்காரங்க காலைப் பாத்து சம்பாதிச்சவ வீட்டுலயே இது. அதனால சுடுதண்ணி ஒத்தடம், ஹாட் பேக், ஐஸ்கட்டி எதுவும் வேணாம், டைல்ஸ்ல காலை வச்சுக்கட்டும், ஃபேன் போட்டுக்கட்டும், அது பரவாயில்ல.

சரி, காரணத்துக்கு வர்றேன். சுகர் முதல் சந்தேகம்தான், மறுக்கல. சிங்கப்பூர்ல இந்தியர்களுக்கு சீனர்களை விட சுகர் அதிகம்னு ஒவ்வொரு தடவை கணக்கெடுக்கும்போதும் வருது, நம்ம வீட்டுல அது வராத குடும்பத்தைத்தான் தேடணும். வருஷக்கணக்கா சர்க்கரை ஏறி இருந்தா நரம்புக்கு ரத்தம் கொண்டு போற நுண்ணிய குழாயும் கெடும், நரம்பும் கெடும். ஆனா எனக்கு கோவம் வர்ற இடம் எதுன்னா, 'சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்'னு அதோட விட்டுடுறது. சுகர்காரருக்கு கால் எரியுதுன்னா சுகர் காரணமா இருக்கலாம், சுகரோட இன்னொண்ணும் ஒளிஞ்சுகிட்டிருக்கலாம், அந்த இன்னொண்ணு பல சமயம் சரி பண்ணக்கூடியது.

உங்க அம்மா விஷயத்துல அந்த இன்னொண்ணு பி12 விட்டமின்னு என் மனசுக்குப் படுது. ஏன்னா மூணு விஷயம் கூடி வந்திருக்கு. பி12 இயற்கையா கிடைக்கிறது மீன், கறி, முட்டை, பால் இதுலதான், செடி கொடியில கிடையாது. அம்மா சுத்த சைவம், அதுலயும் பாலைக் குறைச்சு சுகருக்காக பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் குடிக்கிறவங்களா இருந்தா இன்னும் மோசம். தேக்காவுல கிடைக்கிற சைவ மட்டன், சைவ மீன் பெரும்பாலும் சோயாவும் கோதுமைப் பசையும்தான், பேர்லதான் மட்டன், பி12ல இல்ல. இட்லி மாவு புளிச்சா வரும்னு சொல்வாங்க, அதை நம்பி உக்காரக் கூடாது. ரெண்டாவது மெட்ஃபார்மின், நல்ல மருந்து, ஆனா வருஷக்கணக்கா சாப்பிடும்போது குடல் வழியா பி12 உடம்புல சேர்றதைக் குறைக்கும். மூணாவது வயசு, வயசானா வயித்துல அமிலம் குறையும், உணவுலேர்ந்து பி12ஐப் பிரிச்செடுக்க அந்த அமிலம் வேணும். அவங்க நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரை தினமும் போட்டா அதுவும் சேரும், அதையும் பாருங்க.

கல்லீரல்ல சில வருஷத்துக்கு வேண்டிய பி12 சேமிப்பு இருக்கும், அதனால குறைபாடு உடனே தெரியாது, பத்து வருஷம் ஒண்ணுமில்லாம இருந்துட்டு திடீர்னு ரெண்டு மாசமா எரியுதுங்கிற கதை இதுல சகஜம். ரத்தசோகை இல்லாமலே நரம்பு மட்டும் கெடலாம், ஹீமோகுளோபின் நார்மல்னு சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க. அம்மாகிட்ட கேளுங்க: கைவிரலும் கூடவே மரத்துப் போகுதா, நாக்கு வழவழன்னு ஆகி புண்ணு மாதிரி இருக்கா, முகம் கழுவும்போது கண்ணை மூடுனா தள்ளாடுதா, இருட்டுல நடந்தா தரை எங்கன்னு தெரியலையா. இதுல ஒண்ணு ரெண்டு ஆமான்னா பி12 டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க, ரொம்ப நாள் விட்டா தண்டுவடத்தையும் பாதிக்கும், அப்புறம் முழுசா திரும்பாது. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஊசியோ அதிக டோஸ் மாத்திரையோ குடுத்து நல்லாவே முன்னேத்தலாம். அதுக்காக மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்திடக் கூடாது, பி12ஐ ஈடு கட்டுனா போதும், சுகர் ஏறிட்டா அது வேற வம்பு.

நீங்க வாங்கிக் குடுத்த நரம்பு மாத்திரையைப் பத்தி. டப்பா பின்னாடி பாருங்க, பி1, பி6, பி12 மூணும் சேர்ந்ததா இருக்கும். அதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, அதைச் சாப்பிட்டுட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனா பி12 நம்பர் நல்லா இருக்குற மாதிரி காட்டும், உள்ள குறை இருந்தாலும் மறைஞ்சிடும், அதனால என்னைக்குலேர்ந்து சாப்பிடுறாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். இன்னொண்ணு பி6. உடம்புக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிகிராம் கூட வேணாம், சில மாத்திரையில 100, 200 மில்லிகிராம் இருக்கும், அதை மாசக்கணக்கா வருஷக்கணக்கா முழுங்குனா அந்த பி6ஏ நரம்பைக் கெடுத்து எரிச்சலையும் மரமரப்பையும் கொண்டு வரும். நரம்புக்கு நல்லதுன்னு ரெண்டு வேளை போட்டு நரம்பைக் கெடுத்துகிட்டவங்களை நான் பாத்திருக்கேன். வெறும் விட்டமின்தானேன்னு நெனைக்காதீங்க.

இன்னொரு கேள்வி, யாரும் கேக்க மாட்டாங்க, நான் கேக்குறேன். அம்மா சமீபத்துல சோத்தை சுத்தமா நிறுத்துனாங்களா, இல்ல புது ஊசி மருந்து ஆரம்பிச்சாங்களா? ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர் அளவு, 11, 12ன்னு இருந்தது மூணே மாசத்துல மளமளன்னு 7க்கு இறங்கினா, சில பேருக்கு சுகர் குறைஞ்ச அந்த நேரத்துலதான் கால் எரிச்சல் தீயா ஆரம்பிக்கும். சுகரைக் குறைச்சதுக்குத் தண்டனையான்னு நொந்து போய் பழையபடி கேசரி லட்டுன்னு இறங்கிடுவாங்க. அது வேணாம், பெரும்பாலானவங்களுக்கு மாசக்கணக்குல மெல்ல தணியும், டாக்டருக்கு தெரியணும் அவ்வளவுதான்.

இந்த சத்துக்குறைவு விஷயத்துல சிங்கப்பூருக்கே ஒரு பழைய கதை உண்டு, நர்சிங் படிக்கும்போது கேட்டு அசந்து போனேன். ஜப்பான்காரன் காலத்துல சாங்கியில அடைபட்டிருந்த போர்க்கைதிகளுக்கு சோறுதான் சாப்பாடு, அதுவும் போதாது, மாசக்கணக்குல இப்படியே போக ராத்திரி ராத்திரி உள்ளங்கால் எரிஞ்சு தூங்க முடியாம ஆட்கள் எழுந்து நடந்துகிட்டே இருந்தாங்களாம், அதுக்கு அவங்களே கிண்டலா வச்ச பேரு 'ஹேப்பி ஃபீட்', சந்தோஷக் கால்னு. அங்க கைதிகளுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் குரூக்‌ஷாங்க் அதை 1946ல லான்செட் மருத்துவப் பத்திரிகையில எழுதினாரு. அதே 1946ல நம்ம சேலத்துல பொறந்த டாக்டர் கோபாலன், குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து ஏழை ஜனங்களுக்கு வர்ற இந்த எரிச்சலைப் பத்தி எழுதினாரு, பி வகை விட்டமின்ல ஒண்ணான பேண்டோதெனிக் அமிலம் குடுத்தா குறையுதுன்னாரு, இன்னைக்கும் மருத்துவப் புத்தகத்துல கிரியர்சன் கோபாலன் சிண்ட்ரோம்னு அவரு பேரோட இருக்கு. கிரியர்சன் அதுக்கும் முன்னாடி 1826லயே எழுதுனவரு. இந்த ஊர்ல இன்னைக்கு அந்த மாதிரி பட்டினி இல்ல, ஆனா கோபாலன் கேட்ட கேள்வி இருக்கே, இவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு, அதை இப்பவும் கிளினிக்ல அஞ்சு நிமிஷத்துல யாரும் கேக்குறதில்ல.

மத்த காரணங்களைக் கடகடன்னு சொல்லிடுறேன், அம்மாவுக்கு இல்லாட்டியும் படிக்கிற வேற யாருக்காவது ஆகும். ஒரே கால் மட்டும்னா சுகர், விட்டமினை விட்டுட்டு வேற பக்கம் பாருங்க. முன்பாதத்துல மூணாவது நாலாவது விரலுக்கு நடுவுல, நடக்கும்போது, செருப்புக்குள்ள கல்லு கிடக்குற மாதிரின்னா அங்க நரம்பு தடிச்சு நசுங்குது, முனை குறுகின ஷூ போடுற பொம்பளைங்களுக்கு அதிகம். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குக் கீழ தட்டுனா ஷாக் அடிச்ச மாதிரி பாதத்துக்கு ஓடுதுன்னா அங்க நெருக்குது. காலையில எழுந்து வைக்கிற முதல் அடியில குதிகால் உயிர் போகுதுன்னா அது பெரும்பாலும் பாதத்துக்கு அடியில இருக்குற தசைநார் பிரச்சினை, நரம்பு இல்ல. நடந்தா எரிஞ்சு, ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல ட்ராலி மேல குனிஞ்சு சாஞ்சு தள்ளிகிட்டு போனா சுகமா இருக்குன்னா முதுகெலும்பைப் பாக்கச் சொல்லுங்க, இந்த ட்ராலி கதையை டாக்டருங்களே கேப்பாங்க. ராத்திரி கால் வலிச்சு, கட்டில்லேர்ந்து தொங்கப் போட்டா குறையுது, பாதம் ஜில்லுன்னு இருக்குன்னா ரத்த ஓட்டம் அடைப்பு, புகை பிடிக்கிறவங்க கவனிங்க. பாதம் நிஜமாவே சிவந்து தொட்டா சூடா இருந்து தண்ணியில வச்சாத்தான் தணியுதுன்னா அது வேற அபூர்வமான வியாதி.

கட்டட சைட்ல வேலை பாக்குற தம்பிங்களுக்கு பாதி நேரம் நரம்பே காரணம் இல்ல. பன்னிரண்டு மணி நேரம் சேஃப்டி பூட்ஸ், ஈரமான சாக்ஸ், விரல் இடுக்குல வெள்ளையா ஊறி உரிஞ்சு அரிப்போட எரியும், அது பூஞ்சை, சேத்துப்புண்ணு மாதிரி, கிரீம் போட்டா போயிடும், ஆனா அரிப்பு நின்ன அன்னைக்கே நிறுத்தாம டப்பாவுல போட்டிருக்குற நாள் வரைக்கும் போடணும், ரெண்டு ஜோடி சாக்ஸ் மாத்தி மாத்திக் காயவச்சுப் போடணும். தினமும் தண்ணி அடிக்கிறவங்களுக்கு சாராயமே நரம்பைக் கெடுக்கும், கூட சாப்பாடும் குறைஞ்சிருக்கும். தைராய்டு குறைவு, கிட்னி பழுது, டிபி மருந்துல ஐசோனியாசிட், சில புற்றுநோய் மருந்து, இதெல்லாமும் உண்டு. ரத்தப் பரிசோதனைன்னு ஒரு தடவை குத்தும்போது சுகர், பி12, தைராய்டு, கிட்னி நாலையும் சேர்த்துப் பாத்துடலாம்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போகும்போது போலிகிளினிக்லயோ உங்க குடும்ப டாக்டர்கிட்டயோ டயபெடிக் ஃபுட் ஸ்கிரீனிங், அதான் சுகர்காரங்க பாதத்தைப் பரிசோதிக்கிறது, கடைசியா எப்ப செஞ்சாங்கன்னு கேளுங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும், சுகர் வைத்தியத்துக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணமும் எடுக்கலாம். நாங்க செய்யிறது பெரிய மந்திரம் இல்ல, மீன் தூண்டில்ல இருக்குற மாதிரி ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்துல வளையும், கண்ணை மூடச் சொல்லி பாதத்துல அங்கங்க தொடுவோம், பட்டா 'ஆமா'ன்னு சொல்லணும். நம்ம பெரியவங்க பரிட்சை மாதிரி நெனைச்சு, தொடாத போதும் ஆமா ஆமான்னு அடிச்சு விடுவாங்க, ஒரு தாத்தா நான் இழையைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே நாலு ஆமா சொன்னாரு! அம்மாகிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, இதுல ஃபெயில் ஆனா யாரும் திட்ட மாட்டாங்க, பாஸ் ஆகணும்னு பொய் சொன்னாத்தான் கெடுதி. இன்னொண்ணு, நரம்புக்குக் கரண்டு வச்சுப் பாக்குற டெஸ்ட் நார்மல்னு வந்தா 'எல்லாம் மனசுதான்'னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த டெஸ்ட்ல பெரிய நரம்புதான் தெரியும், எரிச்சலைக் குடுக்குற மெல்லிய நரம்பு அதுல தெரியவே தெரியாது.

எரிச்சலுக்கு மருந்து பத்தி. பனடோல் இதுக்குப் பெருசா கேக்காது. கபாபென்டின், ப்ரீகாபலின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் இந்த வரிசையில ஒண்ணு குடுப்பாங்க. பின்னாடி ரெண்டும் மனச்சோர்வுக்கும் குடுக்குற மருந்து, கூகிள்ல பாத்துட்டு 'எனக்கென்ன பைத்தியமா'ன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய, நரம்போட பொய்ச்சேதியை அமுக்குறதுக்குத்தான் அது. தலை சுத்தல், தூக்கக் கலக்கம் வரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துடாம பாத்துக்கணும், சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துவாங்க, ரெண்டு நாள்ல கேக்கலைன்னு நிறுத்தாதீங்க. இது எரிச்சலைத்தான் குறைக்கும், காரணத்தை இல்ல.

சித்தியையும் ரொம்ப விரட்ட வேணாம். அம்மா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கட்டும், விரல் இடுக்குல மட்டும் ஈரம் எண்ணெய் நிக்காம துடைக்கணும், பாத்ரூம்ல வழுக்கும். மருதாணி வைக்கட்டும், அரைச்ச இலைன்னா சரி, ஆனா கடையில உடனே கருப்பா பிடிக்கிற கருப்பு மருதாணி வேணாம், அதுல தலைமுடிச் சாயத்துல போடுற ரசாயனம் கலந்திருக்கும், கொப்புளமே வரும். இளநீர் கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஆகாது, பொட்டாசியம் அதிகம். அம்மா கோயிலுக்குப் போறவங்கன்னா மத்தியான வெயில்ல வெறுங்காலோட பிராகாரம் சுத்தாம காலையில போகச் சொல்லுங்க. தீமிதி சமயத்துல பெருமாள் கோயில்லேர்ந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரைக்கும் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்குற பக்தர்கள்ல சுகர்காரங்களும் இருக்காங்க, பக்தியில கை வைக்க நான் யாரு, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்துல காட்டச் சொல்லி ஒருத்தர் பாத்தா போதும்.

இதுக்கு நடுவுல பாதத்துல புண்ணு, விரல் கருக்குறது, சுகர்காரருக்கு ஒரு பாதம் மட்டும் வலியே இல்லாம சிவந்து சூடா வீங்குறது, ரெண்டு மூணு நாள்ல கால் பலமிழந்து மரமரப்பு மளமளன்னு மேல ஏறுறது, முதுகுவலியோட ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போறது, இதுல எது வந்தாலும் அப்பாய்ன்மெண்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.

அப்புறம் அந்த நரம்பு மாத்திரை டப்பாவைக் குப்பையில போட்டுடாதீங்க, பையில போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. அம்மா சாப்பிடுற மத்த மாத்திரையையும் அந்தப் பையிலயே போடுங்க, நெஞ்செரிச்சல் மாத்திரையையும் சேர்த்து. பி12 நம்பர் வந்ததும் சொல்லுங்க தம்பி, நார்மல் எல்லையோட கீழ்க்கோட்டை ஒட்டி வந்து 'நார்மல்தான்'னு அனுப்பிட்டாங்கன்னா அப்ப அடுத்து என்ன டெஸ்ட் கேக்கணும்னு சொல்றேன்.